எப்சிபா இருந்த பதினெட்டு நாள்

பிப்ரவரி 3, திங்கள்

தெய்வநாயகி அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். இருதயம் பலவீனமாக இருக்கிறதாம், உடம்பில் நீர் சேரக் கூடாதாம். காரை விட்டு இறங்கியதும் "துளசி, காபி" என்றார். ஒன்பது நாள் கழித்து அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. டபராவோடு ஓடி வந்தால், கூட வந்தவள் குறுக்கே கை நீட்டுகிறாள். "அம்மா, தண்ணிக்கு அளவு இருக்குல்லா. அர டம்ளர் போதும்."

அவள் பெயர் எப்சிபா. ஏஜென்சி அனுப்பிய ஹோம் நர்ஸ். தெற்கே நாசரேத் பக்கமாம். இருபத்தெட்டு வயது இருக்கும். அம்மா கூடவே தங்கிப் பார்த்துக்கொள்வாள். ஓசூரில் இருக்கும் அம்மாவின் மகள் சுகந்தி ஏற்பாடு செய்தது. நான் எதற்கு இருக்கிறேன் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

இந்த டைரி அம்மா கொடுத்தது. ஜனவரி பிறந்தால் இன்சூரன்ஸ்காரர் கொண்டுவரும் டைரியை என்னிடம் தந்துவிடுவார். "பத்தாவது படிச்சவ, கையெழுத்து முத்து மாதிரி இருக்குது, எழுதிப் பழகு" என்பார். ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்தவர் அல்லவா. வழக்கமாக கேஸ் வந்த தேதி, மிளகாய்த்தூள் அரைத்த தேதி, இவ்வளவுதான் எழுதுவேன். இன்று எழுத வேறு இருக்கிறது.

மத்தியானம் அம்மா டைனிங் டேபிளில் உட்கார்ந்தார். அந்தப் பெண் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சாதாரணமாக உட்கார்ந்தாள். பதினாறு வருஷமாக இந்த வீட்டில் சமைக்கிறேன். அந்த நாற்காலியைத் தினமும் துடைக்கிறேன். அதில் உட்கார்ந்ததில்லை. அம்மா சாப்பிட்ட பிறகு சமையலறையில் மணையைப் போட்டுச் சாப்பிடுவேன். அம்மா ஏதாவது சொல்வார் என்று கரண்டியோடு நின்று பார்த்தேன்.

"துளசி, அந்தப் பொண்ணுக்கு இன்னொரு கரண்டி சாதம் வை" என்றார்.

வைத்தேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

அவளிடம் ஏஜென்சியின் காகிதம் ஒன்று இருக்கிறது. மத்தியானம் இரண்டு மணி நேரம் ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை காலை முதல் மாலைவரை லீவு. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்து, மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். நான் வேலைக்கு வந்தபோது காகிதம் ஒன்றும் கிடையாது. "நீ எங்க வூட்டுப் பொண்ணு மாதிரி" என்றார். அதைவிடப் பெரிய காகிதம் என்ன இருக்கிறது? வீட்டுப் பெண்ணுக்கு யாராவது லீவு எழுதித் தருவார்களா?

அடுத்ததாக என் சமையலறைக்குள் வந்தாள்.

"அக்கா, அம்மாவுக்கு உப்பு கண்ணுலயே காட்டக் கூடாது. டாக்டர் ரொம்பக் கறாராச் சொல்லியிருக்காவ. ஊறுகா, அப்பளம் எதுவும் வேண்டாம்."

"எனக்குத் தெரியுமுங்க" என்றேன். அவளைத் தள்ளி நிறுத்த வேண்டுமென்றேதான் 'ங்க' போட்டேன். அவளுக்கு அது புரியவில்லை. சிரித்தாள்.

பிப்ரவரி 5, புதன்

அம்மா ரசத்தைப் பாதியிலேயே வைத்துவிட்டார். இந்தப் பதினாறு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 8, சனி

காலை ஆறரைக்கு வேலைக்கு வந்து கதவைத் திறந்தால் சிரிப்புச் சத்தம். அம்மா எடை பார்க்கும் மிஷின் மேல் நிற்கிறார், இவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், இருவரும் சிரிக்கிறார்கள். என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்ல துளசி" என்கிறார் அம்மா. தினமும் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதுகிறாள். அறுபதரை கிலோவாம். குறைந்துகொண்டு வருகிறதாம், நல்லதாம். என் சாப்பாட்டைத் தொடாமல் ஆள் இளைப்பது ஒரு சாமர்த்தியமா?

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது பேச்சு காதில் விழுந்தது. அம்மா சின்ன வயதில் ரேடியோவில் பாடியிருக்கிறாராம். கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் விடவில்லையாம். அதை அவளிடம் சொல்லி, பாட்டிலிருந்து இரண்டு வரி பாடியும் காட்டினார். குரல் நடுங்கியது, ஆனால் சுருதி தப்பவில்லை.

அம்மாவுக்கு எந்தப் புடவை உடுத்தினால் கழுத்தில் அரிக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் வீட்டுக்காரர் இறந்த அன்று, அம்மாவுக்குக் காபியை ஆற்றி வாயில் ஊட்டியவள் நான். எனக்கு ஏன் ரேடியோ கதை தெரியவில்லை? வந்து ஐந்து நாள் ஆன ஒருத்திக்கு ஏன் தெரிகிறது? விரலை லேசாக அறுத்துக்கொண்டேன். அவள்தான் ஓடிவந்து பிளாஸ்திரி போட்டாள். வேண்டாம் என்று சொல்வதற்குள் போட்டுவிட்டாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

எப்சிக்கு லீவு. சர்ச்சுக்குப் போனாள். அம்மா முழுக்க முழுக்க எனக்கே. குளிக்க வைத்தேன், தலை வாரிவிட்டேன், கால் பிடித்துவிட்டேன். எட்டு மணிக்கு ஒரு தடவை, பத்து மணிக்கு ஒரு தடவை, சாப்பிடும்போது ஒரு தடவை, "எப்சி எத்தன மணிக்கு வருவா?" என்று கேட்டார்.

எனக்கும் ஒரு லீவு ஞாபகம் வந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால், என் தங்கை மகள் சடங்குக்கு இரண்டு நாள் கேட்டேன். அம்மா மறுக்கவில்லை. "சரி, நான் ரொட்டி வாங்கிச் சாப்ட்டுக்கறேன்" என்று மட்டும் சொன்னார். முகம் வாடிப்போயிற்று. நான் அன்று சாயங்காலமே தாராபுரத்திலிருந்து பஸ் ஏறித் திரும்பி வந்துவிட்டேன். பிறகு கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதும் இல்லை.

இன்று பருப்பு ரசம் வைத்தேன். ஒரு சிட்டிகை. ஒரே ஒரு சிட்டிகை. அதற்குப் பெயர் உப்பா? அம்மா கிண்ணத்தைச் சாய்த்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"துளசி, துளசிதான்" என்றார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பீர்க்கங்காய்க் கூட்டு, கொள்ளு ரசம். தட்டைத் துடைத்து வைத்தது போல் சாப்பிட்டார். "பாத்தியா எப்சி, எங்க துளசி கை" என்று அவளிடமே சொன்னார். அவளும் "நல்ல கைதாம்மா" என்றாள். எங்க துளசி. அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை நாள் ஆகிறது.

பிப்ரவரி 13, வியாழன்

எடை அறுபத்தொரு கிலோ நூறு கிராம். எப்சி நோட்டை வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. எதுலயாவது உப்பு சேருதா?"

தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பது? நேற்று வந்தவள் என்னைக் கேள்வி கேட்கிறாள். "நான் என்ன பச்சைப் புள்ளையா? சாமி சத்தியமா போடறதில்லீங்க" என்றேன். சத்தியம் செய்யும்போது கையில் கடுகு டப்பா இருந்தது. வேறு எதுவும் இல்லை.

"நீங்க சொன்னாச் சரிக்கா" என்று போய்விட்டாள்.

பிப்ரவரி 15, சனி

அவரைக்காய். கேஸ் வந்தது.

பிப்ரவரி 17, திங்கள்

அம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. எப்சி கணுக்காலுக்கு மேல் விரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. டாக்டருக்குப் போன் செய்தாள், நீர் மாத்திரையைக் கூட்டினார்கள். மாத்திரை டப்பாவைக் கொட்டி எண்ணினாள். மறுபடி எண்ணினாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

நான் இன்று குறைத்துவிட்டேன். உப்பு சாம்பாரில் மட்டும்தான். ஒன்றுமே இல்லாமல் வைத்தால் அம்மா கண்டுபிடித்து ஏன் என்று கேட்பார். என்ன பதில் சொல்வது?

பிப்ரவரி 19, புதன்

விடியற்காலை மூச்சு வாங்கி, ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். நான் ஆறரைக்கு வந்தபோது வீடு திறந்து கிடந்தது, படுக்கை கலைந்து கிடந்தது. பெட்ஷீட்டை மடித்தேன். மறுபடி பிரித்தேன். மறுபடி மடித்தேன்.

தெய்வமே, நான் ருசிக்குத்தான் போட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

அம்மாவின் உயிருக்குப் பயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். சுகந்தி ஓசூரிலிருந்து வந்து இறங்கினார். வந்ததும் ஆஸ்பத்திரி வராந்தாவில், என் கண் முன்னாலேயே, எப்சியைத்தான் பிடித்தார். "மாத்திரைய ஒழுங்காக் குடுத்தியா? ராத்திரி போனைப் பாத்துட்டு மறந்துட்டியா? எங்கம்மா உயிரோட விளையாடறியா?" ஏஜென்சிக்கும் போன் போட்டுக் கத்தினார். விசாரித்து முடிக்கும்வரை அவர்கள் இவளுக்கு வேலைக்கு வேறு வீடு தரமாட்டார்களாம்.

எப்சி வீட்டுக்கு வந்தாள். பையில் துணியை அடுக்கினாள். கிளம்பும்போது சமையலறைக்கு வந்தாள். நோட்டை என் கையில் கொடுத்து, எடை எப்படிப் பார்ப்பது, காலில் எங்கே அழுத்துவது என்று சொல்லித் தந்தாள். "நீங்கதான்க்கா இனி பாக்கணும். அம்மாவுக்கு நீங்கன்னா உசிரு" என்றாள்.

அவள் போய்விட வேண்டும் என்று பதினெட்டு நாளாக வேண்டிக்கொண்டேன். போய்விட்டாள். கேட் சத்தம் கேட்கும்வரை நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

வீட்டில் ஆள் இல்லை. எப்சியின் நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். எடை, பிரஷர், குடித்த தண்ணீர், எல்லாம் நேரம் போட்டு எழுதியிருக்கிறாள். பதின்மூன்றாம் தேதிக்கு நேராக ஒரு வரி: "எடை கூடுகிறது. சாப்பாட்டில் உப்பு இல்லை. துளசிமணி அக்கா உறுதியாகச் சொன்னார்கள்."

அதைப் பலமுறை படித்தேன். என் முழுப்பெயரை அவள் எப்போது தெரிந்துகொண்டாள்? இந்த வீட்டில் என் முழுப்பெயர் எழுத்தில் வந்தது அந்த ஒரு வரியில்தான், அந்த வரி பொய். டாக்டரும் இதைப் படித்திருப்பார். என்னை நம்பி, மாத்திரையில்தான் கோளாறு என்று எல்லோரும் அவளைப் பார்த்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 24, திங்கள்

அம்மா வந்துவிட்டார். சுகந்தி ஒரு வாரம் இருப்பார். வேறு நர்ஸ் வேண்டாம், துளசி போதும் என்று அம்மாவே சொல்லிவிட்டார். வேறு சமயமாக இருந்தால் கோனியம்மன் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்திருப்பேன்.

உப்பே இல்லாமல் சமைத்தேன். மிளகு, எலுமிச்சை, கொத்தமல்லி போட்டு எப்படியோ ஒப்பேற்றினேன். அம்மா முதல் வாய் வைத்ததும் நிமிர்ந்து பார்த்தார். "என்ன துளசி, கை மாறிப்போச்சு" என்றார். நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

பிப்ரவரி 26, புதன்

எடை ஒரு கிலோ இறங்கியிருக்கிறது. என் கையாலேயே நோட்டில் எழுதினேன். எழுதிய பிறகு சும்மா இருக்க முடியவில்லை. சுகந்தி கடைக்குப் போயிருந்தார். அம்மாவின் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தேன்.

"அம்மா, எப்சி மேல தப்பில்லீங்க. நாந்தானுங்க உப்புப் போட்டேன். ஒம்பதாந்தேதியிலிருந்து. அவ கேட்டப்ப சத்தியம் பண்ணிட்டனுங்க."

அம்மா ஜன்னலைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"பத்துப் பதினஞ்சு நாள் மண்ணு மாதிரி சாப்பிட்டவளுக்கு உப்பு தெரியாதா? முதல் நாளே தெரிஞ்சுது. வாய்க்கு நல்லாயிருந்துது. பேசாம இருந்துட்டேன்."

"சுகந்தியம்மா எப்சியத் திட்டினப்பவுமா?"

"நான் என்ன பண்ணட்டும்? உன் பேரைச் சொல்லச் சொல்றியா? சொன்னா சுகந்தி உன்னை நிப்பாட்டிடுவா. அந்தப் பொண்ணு ஒரு மாசத்துக்கு வந்தவ, துளசி. நீ எங்கூட இருக்கிறவ. உன்னை நான் விட்டுக் குடுப்பனா?"

இந்த வார்த்தைக்குத்தானே இத்தனை நாள் வயிறெரிந்தேன்? அவளா நானா என்று வந்தால் நான்தான் என்று அம்மா வாயால் கேட்க வேண்டும் என்று. கேட்டுவிட்டேன். நெஞ்சு குளிரும் என்று நினைத்தேன். அம்மா எனக்காக ஒருத்தியை விட்டுக் கொடுத்திருக்கிறார், அவளை ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்க விட்டு. எனக்கு அம்மாவை நிமிர்ந்து பார்க்கப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

காலையில் சொல்லிவிட்டேன். "ஏஜென்சிக்குப் போன் பண்ணி உள்ளதைச் சொல்லுங்கம்மா. சுகந்தியம்மாகிட்டயும். எப்சிக்கு வேற வூடு குடுக்க மாட்டேங்கறாங்க."

"ரிடயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ், திருட்டுத்தனமா உப்புத் தின்னேன்னு ஊருக்குச் சொல்லச் சொல்றியா?"

"நாந்தான் போட்டேன்னும் சேத்துச் சொல்லுங்க. என்னை நிப்பாட்டினா நிப்பாட்டட்டும்."

"கொஞ்ச நாள் போகட்டும் துளசி. எல்லாம் தானாச் சரியாயிடும்."

"அப்ப நாளைக்கு நான் வரலீங்க."

என் வாயிலிருந்துதான் வந்தது. அம்மாவின் முகம் வாடிற்று. ரொட்டி வாங்கிச் சாப்பிடுகிறேன் என்றபோது வாடிய அதே முகம்.  பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தேன், நாளைக்கு மாவு ஃப்ரிட்ஜில் இருக்கிறது என்று சுகந்தியிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

போகவில்லை.

"ஏம்புள்ள, மேலுக்கு ஆகலையா?" என்று வீட்டுக்காரர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். லீவு என்றேன். "லீவா? அவங்க ஊருக்குப் போயிட்டாங்களா?" என்றார். அவருக்கு வேறு காரணமே தோன்றவில்லை.

பகல் வெளிச்சத்தில் என் வீட்டை நான் பார்த்தே நாளாயிற்று. அலமாரிக்குப் பின்னால் சுவர் ஈரம் பாய்ந்திருக்கிறது. பதினோரு மணிக்கு அம்மாவுக்கு மாத்திரை. சுகந்தி கொடுப்பாரா? பத்து முறை போனைக் கையில் எடுத்தேன். எடுத்து எடுத்து வைத்தேன்.

ஒரு மணிக்கு அதுவே அடித்தது.

"பேசிட்டேன்" என்றார் அம்மா. "சுகந்திய பக்கத்துல வெச்சுக்கிட்டே ஏஜென்சிக்காரர்கிட்டச் சொல்லிட்டேன். போட்டது நீ, தெரிஞ்சே தின்னது நான், அந்தப் பொண்ணு பேர்ல ஒரு குத்தமும் இல்லைன்னு எழுதியும் அனுப்பறேன்னேன். சுகந்தி எங்கிட்டப் பேசமாட்டேங்கறா."

"எப்சிகிட்ட?"

"அவகிட்டப் பேச எனக்கு வாய் வரல, துளசி. நாளைக்குப் பேசறேன்."

 பிறகு அம்மா, "நாளைக்கு வருவியா?" என்றார். வா என்று சொல்லாமல், வருவாயா என்று கேட்டார். இப்படி ஒருநாளும் கேட்டதில்லை.

"வர்றனுங்கம்மா. ஞாயித்துக்கிழமை வரமாட்டேன். இனி எந்த ஞாயித்துக்கிழமையும் வரமாட்டேன்."

"நீ முன்னாடியே கேட்டிருந்தாக் குடுத்திருப்பனே."

"கேட்டனுங்க. நீங்க ரொட்டி வாங்கிக்கறேன்னீங்க."

அம்மாவுக்கு அது நினைவே இல்லை. எனக்கு ஏழு வருஷமாக மறக்கவில்லை.

மார்ச் 1, சனி

எப்சிக்கு நானே போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். உனக்குத் தெரியும்தானே, தெரிந்துதானே நோட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாய் என்று கேட்டேன். அப்படி இருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இல்லக்கா. எனக்குத் தெரியாது. நீங்க சத்தியம் பண்ணுனீங்கல்லா. நான் என்னையத்தான் சந்தேகப்பட்டேன். நாலு தடவ மாத்திர எண்ணுனேன். ஊர்ல வந்தும் அதத்தான் நெனைச்சிட்டுக் கெடந்தேன்."

மன்னித்துவிடு என்றேன்.

"இப்ப ஒண்ணும் சொல்லத் தோணலக்கா. வச்சிருதேன்" என்று வைத்துவிட்டாள். நியாயம்தான்.

மார்ச் 9, ஞாயிறு

லீவு. தூங்கினேன்.

மார்ச் 12, புதன்

அம்மா என்னை டேபிளில் உட்காரச் சொல்கிறார். இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். எழுந்து எழுந்து பரிமாற வேண்டியிருக்கிறது, நிம்மதியாக ஒரு கவளம் இறங்கவில்லை. "எனக்கு உள்ளதானுங்க சௌகரியம்" என்றேன். ஆனால் மணையை எடுத்து மேலே போட்டுவிட்டு, ஒரு நாற்காலியைச் சமையலறைக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டேன். மூட்டு வலி குறைந்திருக்கிறது. இன்று அம்மா தன் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, "எனக்கு ஒரு நாற்காலி போடு" என்றார். உப்பில்லாத கூட்டை இருவரும் திட்டிக்கொண்டே சாப்பிட்டோம்.

மார்ச் 20, வியாழன்

எப்சி போன் செய்தாள். அவளாகவே செய்தாள். அம்மா ஏற்கெனவே அவளிடம் பேசி, திரும்பி வரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். வரவில்லை என்று சொல்லிவிட்டாளாம். ஏஜென்சி பீளமேட்டில் வேறு வீடு கொடுத்திருக்கிறது. அம்மாவின் எடையைக் கேட்டாள். அறுபதே கால் கிலோ, காலில் வீக்கம் இல்லை என்றேன். "நல்லாப் பாக்கீங்கக்கா" என்றாள்.

வீடு எப்படி என்று கேட்டேன். நல்ல மனிதர்களாம். அங்கே நாகரத்தினம் என்று ஒரு சமையல்காரம்மா இருக்கிறாராம். போன அன்றைக்கே, "பஸ்ஸுல வந்திருப்ப, மொதல்ல சாப்பிடு கண்ணு" என்று பக்கத்தில் உட்கார வைத்துச் சோறு போட்டாராம். இவளுக்கு மீன் பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு, புதன்கிழமை தன் வீட்டிலிருந்து குழம்பு வைத்துக் கொண்டுவந்தாராம். சொல்லும்போது அவள் குரலில் சிரிப்பு இருந்தது. இந்த வீட்டில் அம்மாவோடு சேர்ந்து அவள் அப்படிச் சிரித்துக் கேட்டிருக்கிறேன், என்னிடம் அப்படிச் சிரித்ததில்லை.

போனை வைத்த பிறகு வயிறு எரிந்தது. மறைக்காமல் எழுதுகிறேன், அந்த நாகரத்தினத்தின் மேல் பொறாமையாக இருக்கிறது. நாகரத்தினத்துக்கு எப்சி கிடைத்திருக்கிறாள். எனக்கும்தான் கிடைத்தாள். பதினெட்டு நாள் என் கையால் சாப்பிட்டாள். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு நாள்கூட நான் கேட்கவில்லை.